நான் கொடி பிடித்த கதை

காவிரிப் பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்த கேஸில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேடு வந்தால் பஸ் இருமும். பாலம் வந்தால் படுத்துவிடும். கண்டக்டர் இறங்கி ஒரு கம்பியால் அடுப்பைக் குத்துவார். ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். பெண்கள் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம்.

மார்கழி மாதத்துக் காலை. ஆற்றில் பாதி தண்ணீர், பாதி மணல். எதிரே மலைக்கோட்டைக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு பனி. கரிப் புகை மூக்கை அரித்தது.

என் பக்கத்தில் கோமளா நின்றுகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் டே. அவள் ஸ்கூல் லீடர், நான் துணை லீடர். அவள் தாவணியில் நீல ரிப்பன் வைத்த பேட்ஜ் இருந்தது, கழுத்தில் விசில் தொங்கியது. என் தாவணியில் ஊக்கு மட்டும் இருந்தது.

என் வாயில் ஒரு செய்தி இரண்டு நாளாகத் துறுதுறுத்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால் கோமளா அன்றைக்குக் கொடி பிடிக்க முடியாது. அவளுக்குப் பதில் நான் பிடிக்கலாம்.

எதிர் வீட்டுக்காரி

இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு வாசகி, "உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் எதிரியே கிடையாதா? எல்லாரையும் புகழ்ந்தே எழுதுகிறீர்களே!" என்று கேட்டிருக்கிறார். இருந்தாள் அம்மா, ஒருத்தி இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டிலேயே இருந்தாள்.

கோமளாவும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். ஒரே நாளில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். எனக்கு அம்மை வார்த்த அன்று அவளுக்கும் வார்த்தது. எனக்கு முகத்தில் தழும்பு நின்றது, அவளுக்கு நிற்கவில்லை. அதிலிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். குறை சொல்லலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன். கணக்கில் கொஞ்சம் மக்கு, அவ்வளவுதான் கிடைத்தது. அதையும் அவளே எல்லாரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். பிறகு நான் போய்ச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டே என் அம்மா தினமும் ஒரு தடவையாவது சொல்வாள்: "அந்தக் கோமளாவைப் பாருடி, எப்பவும் சிரிச்ச முகமா இருக்கா. நீயும் இருக்கியே, மூஞ்சியைத் தூக்கி வெச்சுண்டு." இதைக் கேட்டுக்கொண்டு யாருக்குச் சிரித்த முகம் வரும்?

புளியங்கொட்டைத் தேர்தல்

அந்த டெர்மில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புது ஹெட்மிஸ்டிரஸ் வந்தார். வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் மாற்றினார். பெண்கள் சும்மா உட்கார்ந்து படித்தால் போதாதாம். ரிலே ஓட வேண்டும், த்ரோ பால் ஆட வேண்டும், முதலுதவி கற்க வேண்டும், தங்களுக்கு லீடரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரும்பலகைக்குப் பின்னால் இரண்டு மண் பானை வைத்தார்கள். ஒன்றின் மேல் கோமளவல்லி என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் வேதவல்லி, அதாவது நான். ஒவ்வொரு பெண்ணும் கையில் ஒரு புளியங்கொட்டையோடு போய்ப் பிடித்த பானையில் போட்டுவிட்டு வர வேண்டும். எனக்குக் காது கூர்மை. கொட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்பது நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே கேட்டது. முதல் வரிசைப் பெண்கள் போய்விட்டு வருவதற்குள் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

என் பானையில் விழுந்த கொட்டைகள் அடியைக்கூட மறைக்கவில்லை. அதில் ஒன்றைக் கோமளா போட்டிருந்தாள். அவளே வந்து சொன்னாள். "எனக்கு நானே போட்டுக்கறது நன்னாயிருக்காதுடி. உனக்குத்தான் போட்டேன்."

நான் எனக்கே போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே முதல் தடவையாக ஒப்புக்கொள்கிறேன்.

வேலை எனக்கு, விசில் அவளுக்கு

துணை லீடர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ப்ரேயருக்கு வரிசை சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது துணை லீடர். நகம் வெட்டாதவர்களின் பெயரை நோட்டில் எழுதி, அதற்காக அவர்களிடம் திட்டு வாங்குவதும் துணை லீடர். விளையாட்டுச் சாமான் அறையின் சாவி என்னிடம்தான் இருந்தது. பந்துக்குக் காற்றடித்ததும் நான்தான்.

லீடர் விசில் ஊதுவாள். எல்லாரும் ஓடி வருவார்கள்.

முதலுதவி வகுப்பில் அடிபட்டவளாக நடிக்க யாராவது வேண்டும் என்றால் கோமளாதான் முதலில் கை தூக்குவாள். பெஞ்சின் மேல் படுத்துக்கொண்டு "ஐயோ, அம்மா" என்று அவள் முனகுவதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். தலைக்குக் கட்டுப்போடும் வேலை ஒரு நாள் எனக்கு வந்தது. வேண்டுமென்றே இறுக்கிக் கட்டினேன். டெய்ஸி டீச்சர் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, "வேதம் கட்டின கட்டுதான் நழுவாத கட்டு. எல்லாரும் பாருங்க" என்றார். அந்த டெர்மில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. கோமளா நெற்றியில் கோடு விழுந்த இடத்தைத் தடவிக்கொண்டே கை தட்டினாள்.

முக்கொம்பு அணைக்கு ஒரு நாள் கூட்டிப்போனார்கள். ஆசார வீட்டுப் பெண்கள் பலருக்கு அதுதான் வீட்டார் இல்லாமல் போன முதல் பிரயாணம். பொங்கிய சோற்றை யார் தொட்டார்கள் என்று கேட்காமல் சாப்பிட்டதும் அன்றுதான். எனக்கு அது பெரிய சாகசமாக இருந்தது. வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாத சாகசம். கோமளா மட்டும் அரிசியைத் தன் டப்பாவில் கொண்டுவந்து தனியாகப் பொங்கிக்கொண்டாள். "அப்பாகிட்டப் பொய் சொல்ல வராதுடி எனக்கு" என்றாள். ஆனாலும் எல்லாப் பெண்களும் அவள் அடுப்பண்டைதான் போய் உட்கார்ந்தார்கள்.

ஸ்போர்ட்ஸ் டே நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் குறைந்தது. கலெக்டரின் மனைவி வரப்போகிறார். மார்ச் பாஸ்டில் லீடர் பள்ளிக்கூடக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். பிறகு மேடைக்கு முன் நின்று இங்கிலீஷில் உறுதிமொழி வாசிக்க வேண்டும். கோமளாவுக்கு இங்கிலீஷ் தடுமாறும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? நான்தான். தினம் பஸ்ஸில் வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தேன். லீடர் வராமல் போனால் துணை லீடர் கொடி பிடிப்பார் என்று நோட்டீஸ் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை போய்ப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்பா கொண்டுவந்த சேதி

என் அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் வேலை. ஸ்போர்ட்ஸ் டேக்கு இரண்டு நாள் முன்பு, ஆபீஸிலிருந்து வந்து கால் அலம்பும்போதே அம்மாவைக் கூப்பிட்டார்.

"எதிராத்துக்காரரோட கும்பகோணத்துத் தாயாதி நேத்து பரமபதிச்சுட்டாராம். ஆபீஸ்ல கும்பகோணத்துக்காரன் ஒருத்தன் சொன்னான்."

"ஐயோ பெருமாளே! அவாத்துக்குச் சேதி வந்துடுத்தா?"

"வராது. நிலத் தகராறுல பேச்சு நின்னு எத்தனையோ வருஷமாச்சு. கடுதாசி போட மாட்டா."

தாயாதி என்றால் அப்பா வழிப் பங்காளி, கோமளாவுக்குப் பெரியப்பா முறை. எங்கள் கோத்திரம் வேறு, அதனால் எங்களுக்கு ஒன்றுமில்லை. கோமளா வீட்டுக்குத்தான் பத்து நாள் தீட்டு. ஆனால் அதில் ஒரு விஷயம் உண்டு. காதில் விழுந்தால்தான் தீட்டு. சேதி தெரியாதவரைக்கும் தோஷம் இல்லை. தெரிந்துவிட்டால் கட்டின துணியோடு ஸ்நானம் பண்ண வேண்டும். மீதி நாள் முழுக்கக் கோவில் வாசலை மிதிக்கக் கூடாது, யாரையும் தொடக் கூடாது, விளையாட்டு வேடிக்கை எதற்கும் போகக் கூடாது. அதனால்தான் வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் வெளியூர்க் கடுதாசியைப் பிரிக்காமல் பரண் மேல் போட்டுவைப்பார்கள். அக்கம்பக்கத்தாரும் வாயைக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் தெருவில் இது பெரிய மரியாதை.

கோமளா வீட்டில் அப்போது நடக்கவிருந்தது கல்யாணம் இல்லை. அவர்களுக்கு அது கல்யாணத்தைவிடப் பெரிது. வைகுண்ட ஏகாதசிக்கு முன் பத்து நாள் கோவிலில் நடக்கும் பகல் பத்து உற்சவம் சனிக்கிழமை தொடங்குகிறது. அவள் அப்பா ராகவாச்சாரியார், பெருமாள் முன் பாசுரம் சொல்லும் பிரபந்த கோஷ்டியில் வருஷக்கணக்காகப் பின் வரிசையில் நின்று சேவித்தவர். அந்த வருஷம்தான் முதல் தடவையாக முன் வரிசையில் இடம் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் யார் வந்து நிற்கிறாரோ அவருக்குத்தான் அந்த இடம் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதமாக அவர் மிளகு போட்ட பாலைத் தவிர வேறெதையும் தொண்டையில் இறக்கவில்லை என்று அம்மா சொல்வாள்.

அப்பா எங்கள் பக்கம் திரும்பினார். "இதோ பாருங்கோ. உற்சவம் முடியறவரைக்கும் இந்தச் சேதி இந்த ஆத்தை விட்டு வெளியில போகக் கூடாது. அந்த மனுஷர் எத்தனை வருஷம் காத்துண்டிருந்தார்! புரிஞ்சுதா?"

எல்லாரும் தலையாட்டினோம். நான்தான் பலமாக ஆட்டினேன்.

பாலத்தில் சொன்னது

ஆக, பஸ் நின்றிருந்தது. ஆண்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கோமளா விசிலை எடுத்து ஊதி, "ஒன், டூ, த்ரீ!" என்று அவர்களுக்குத் தாளம் போட்டாள். பஞ்சகச்சம் கட்டிய பெரியவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். பெரிய வீட்டுப் பெண் நடு ரோட்டில் விசில் ஊதுகிறாளே என்று ஒருவராவது முகம் சுளிக்க வேண்டாமா? சுளிக்கவில்லை. நான் ஊதியிருந்தால் அன்று சாயங்காலமே அம்மா காதுக்கு வந்திருக்கும்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி நின்றாள். "வேதம், பேட்ஜ் கோணலா இருக்கு பாரு. சரியாக் குத்திவிடுடி. நீ குத்தினாத்தான் நேரா நிக்கும்."

நான் கையை நீட்டினேன். பேட்ஜைக் கழற்றி நேராகக் குத்தவும் செய்தேன். குத்திவிட்டு, கையை எடுக்காமலே சொன்னேன்.

"கும்பகோணத்துல உங்க பெரியப்பா பரமபதிச்சுட்டாராம்."

எனக்கு அந்த நிமிஷத்தில் கொடி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள். தன் அப்பாவிடம் அவள் எதற்குச் சொல்லப்போகிறாள்? சொன்னால் அவருக்குத்தானே நஷ்டம்? இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். பொறாமைக்கு வேண்டிய சமாதானங்கள் அந்த வயதிலேயே எனக்குச் சரளமாக வந்தன.

கோமளா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். "என்னைத் தொடாதே" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு முகம் மாறியது. "எப்போ?"

"திங்கட்கிழமை."

"அப்பாவுக்குத் தெரியாது."

"தெரிய வேண்டாமே. நீ ஏன் சொல்லணும்?"

"என்னடி பேசறே? நான் எடுத்து வெக்கற தீர்த்தத்துலதான் அவர் தினமும் பெருமாளுக்குத் திருவாராதனம் பண்றார். எனக்குத் தெரிஞ்சாச்சு. தெரிஞ்சுண்டே எப்படி எடுத்து வெப்பேன்?"

தீர்த்தம் எடுத்து வைப்பது அவள்தான் என்பது எனக்குத் தெரியாததா? எதிர் வீட்டிலிருந்து தினமும் பார்த்ததுதான்.

அவள் பேட்ஜையும் விசிலையும் கழற்றினாள். என் கையில் கொடுக்கக் கூடாது என்பதால் பாலத்துச் சுவரின் மேல் வைத்தாள். "ஜலம் தெளிச்சு எடுத்துக்கோ" என்றாள். "கொடியை ரெண்டு கையாலயும் பிடி. காத்து மேற்கேருந்து வரும். உறுதிமொழிதான் உனக்கு மனப்பாடமாச்சே."

அதைச் சொல்லிவிட்டு யார் மேலும் படாமல் ஓரமாகவே நடந்து திருவானைக்காவல் பக்கம், வீட்டை நோக்கித் திரும்பிப் போனாள். பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர், "அந்தப் பொண்ணு வரலீங்களா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன்.

கலெக்டர் மனைவியின் கேள்வி

கொடி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. காற்று மேற்கேயிருந்துதான் வந்தது. உறுதிமொழியை ஒரு தடுமாற்றம் இல்லாமல் வாசித்தேன். கை தட்டினார்கள். ரிலேயில் கடைசி ஆளாக ஓட வேண்டியவள் கோமளா, அவள் இல்லாததால் எங்கள் அணி மூன்றாவதாக வந்தது. "கோமளா எங்கே, கோமளா எங்கே?" என்று சின்னப் பெண்கள் என்னிடம்தான் வந்து கேட்டார்கள். கொடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், அப்போதும் அவளைத்தான் கேட்கிறார்கள்!

கலெக்டரின் மனைவி எனக்குக் கை கொடுத்து, "நீதான் இந்தப் பள்ளிக்கூடத்து லீடரா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

சனிக்கிழமை

பகல் பத்து தொடங்கியது. கோவிலுக்குப் போய்விட்டு வந்த அப்பா சாப்பிட உட்காராமல் கூடத்தில் நின்றார். முன் வரிசையில் வேறு யாரோ நின்றாராம். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். "வேதம், இங்கே வா."

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். "அவளை எதுக்குக் கூப்பிடறேள்? கோமளா காதுலேயே விழுந்துடுத்தாம். பஸ் பாலத்துல நின்னுதாமே, அப்போ யாரோ கும்பகோணத்துக்காரா பேசிண்டாளாம். அவளே அவ அப்பாகிட்டச் சொல்லியிருக்கா. கொல்லை வழியா அவ அம்மா என்கிட்டச் சொல்லி அழறா."

அப்பா பெருமூச்சு விட்டார். "துக்கிரிப் பொண்ணு. பஸ்ல போறவா பேச்சையெல்லாம் ஏன் காது குடுத்துக் கேக்கணும்?"

கோமளாவை யாராவது திட்டி நான் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்காக எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்! அன்றைக்கு மோர் சாதம்கூட இறங்கவில்லை.

அவள் வீட்டிலும் அதே பேச்சுதான். அவள் அத்தை ஒருத்தி தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "எங்காத்துப் பொண்ணுக்குக் காது நீளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ராகவாச்சாரியார் மட்டும் உள்ளே உட்கார்ந்து மனசுக்குள்ளேயே பாசுரம் சேவித்தார். உதடு அசைவது எங்கள் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து தெரிந்தது. மறு வருஷ மார்கழிக்குள் அவருக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. நாலு வரி சேர்ந்தாற்போல் சொல்ல முடியாமல் போயிற்று. முன் வரிசை அவருக்குக் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை.

இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது. கூசட்டும்.

பொங்கலுக்கு அப்புறம்

பள்ளிக்கூடம் திறந்த அன்று கோமளா பஸ்ஸுக்கு வந்து நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் பேட்ஜையும் விசிலையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி என் மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் கரி பஸ் எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "ஏன்டி என் பேரைச் சொல்லலை?" என்று கேட்டுவிட்டேன்.

"சொன்னா, உங்காத்துல எல்லாருக்கும் முன்னாடியே தெரியும்னு எங்கப்பா புரிஞ்சுண்டுடுவார். அவருக்காக மறைச்சு வெச்ச உங்கப்பாவைப் போய் என்னன்னு கேப்பார்? உங்கப்பா உன்னை அடிப்பார். அம்மாக்கள் ரெண்டு பேரும் பேச்சை விட்டுடுவா. எதிரெதிர் ஆத்துல இருந்துண்டு எத்தனை நாள் அப்படி இருக்கிறது?"

"எனக்காகத்தான் சொல்லலையோன்னு நினைச்சேன்."

கோமளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"உனக்காகவா? உன்னைப் பத்தி நான் நினைக்கவே இல்லை, வேதம்."

அந்த டெர்ம் முழுக்க, காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிறவரைக்கும் நான் அவளைத் தவிர வேறு யாரையும் நினைக்கவில்லை. அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

பஸ் வந்தது. ஏறினோம். ஜன்னல் பக்கத்து இடம் அவளுக்குக் கிடைத்தது. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.